மூன்று நாள் பள்ளி, இரண்டு நாள் வீடு: மகளை மாற்றலாமா?

கேள்வி: அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள், பிள்ளைகளுக்காக வேலையை விட்டுவிட்டேன். எங்கள் சபையிலும் பக்கத்துச் சபைகளிலும் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து, முள்ளோடை தாண்டி ஒரு கிறிஸ்தவப் பள்ளி தொடங்கப் போகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் வீட்டில் பெற்றோரே பாடம் நடத்த வேண்டும். பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க இதுதான் சரியான வழி என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். மாமியாருக்குச் சம்மதமில்லை, ‘நல்லாப் படிக்கிற பிள்ளையை ஏன் கலைக்கிறே’ என்கிறார். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நான் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாலே மகள் அழுகிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சட்டம், அட்வான்ஸ், மாமியார் எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் என்னை நிறுத்தியது கடைசிக்கு முந்தைய வரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் மகள் அழுகிறாள். இந்தப் பள்ளி முறை முழுக்க நிற்பதே அந்த இடத்தில்தான். வாரத்துக்கு இரண்டு நாள், காலையிலிருந்து மதியம் வரை, நீங்களும் அவளும் ஒரே பாயில் உட்காரப் போகிறீர்கள். இப்போது அரை மணி நேரமே கண்ணீரில் முடிகிறது என்றால், அதைச் சரிசெய்யாமல் எந்தப் பள்ளிக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். சரிசெய்ய முடியாத விஷயமும் இல்லை இது.

முதலில் இந்த முறை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பறையையும் வீட்டையும் இப்படி நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளும் கிறிஸ்தவப் பள்ளிகள் அமெரிக்காவில் வளர்ந்தவை. டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் 1993-இல் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய பள்ளி ஒன்றைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார்கள். கல்லூரி மாணவர்கள் சில நாள் வகுப்புக்குப் போய், மற்ற நாட்களில் தாமே படிப்பதைப் போல ஒரு அட்டவணை. சிறு வகுப்புகளில் வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளி, மேல் வகுப்புகளில் அதைவிடக் கொஞ்சம் கூட. அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. வீட்டு நாளுக்கான பாடத்தைத் தயார் செய்வது ஆசிரியர், நடத்துவது பெற்றோர். பிள்ளை வளர வளர பெற்றோரின் வேலை மாறும். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர், பெரிய வகுப்பில் தள்ளி நின்று கவனிப்பவர் ஆகிவிடுகிறார்.

ஆகவே அந்தக் குடும்பங்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் பொருள் ஒரு தாள்: ஐந்தாம் வகுப்புக்கு ஒரு வாரத்தின் முழுத் திட்டம். செவ்வாய்க்கிழமை வகுப்பில் பின்னம் எதுவரை நடக்கும், புதன்கிழமை வீட்டில் அம்மா எதை, எப்படி, எவ்வளவு நேரம் செய்ய வேண்டும், வியாழக்கிழமை ஆசிரியர் அதை எப்படிப் பார்ப்பார் என்று எழுதியிருக்க வேண்டும். தமிழுக்கும் அதே மாதிரி. அந்தத் தாளைக் காட்டினால் அவர்கள் யோசித்திருக்கிறார்கள் என்று நம்பலாம். ‘அதெல்லாம் பள்ளி தொடங்கியதும் கொடுப்போம்’ என்றால், வீட்டு நாள் என்பது வீட்டுப்பாட நாளாகத்தான் முடியும். ஐந்து நாள் பாடத்தை மூன்று நாளில் அடைத்து, மிச்சத்தை அம்மாக்களின் தலையில் இறக்குவார்கள். அதற்கு இப்போதைய பள்ளியும் சாயங்கால டியூஷனுமே போதும்.

அடுத்தது அங்கீகாரம். இதில் தயவு செய்து கூச்சப்படாதீர்கள். சபை ஆட்களிடம் எப்படிக் கேட்பது என்று பலர் கேட்காமல் விட்டு, பிறகு சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதன்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரம் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். வாரம் மூன்று நாள் நடக்கும் பள்ளி, ஆண்டில் 40 வாரம் முழுசாக நடந்தாலும் 120 நாள்தான் வரும். மணிக்கணக்கை எப்படியாவது எட்டிவிடலாம், நாள் கணக்கு எட்டாது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் நடத்துபவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் நடத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வரை. அபராதம் உங்களுக்கு வராது. ஆனால் நடு வருடத்தில் பள்ளி மூடினால் கையில் பையோடு நிற்பது உங்கள் பிள்ளை.

‘நாம் சிறுபான்மையினர், அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது’ என்று யாராவது சொல்லலாம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு சொல்லியிருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், பள்ளி என்று பெயர்ப்பலகை வைக்க அரசின் அனுமதியும் அங்கீகாரமும் சிறுபான்மையினருக்கும் வேண்டும். பள்ளிகளை நிறுவி நிர்வகிக்க அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு நமக்குத் தரும் உரிமை பெரியது. அதை வைத்துக்கொண்டு பதிவே இல்லாமல் நடத்துவது அந்த உரிமைக்கு நாமே செய்யும் அவமரியாதை என்றுதான் நினைக்கிறேன்.

முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. தினம் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அது ஒரே ஊர் மாதிரிதான். கல்வித்துறைக்கு அப்படி இல்லை. அனுமதி புதுச்சேரிக் கல்வித்துறையிடம் வாங்கியிருக்க வேண்டும்; கடலூர் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்து ஒன்றும் தெரியாது. எந்தப் பாடத்திட்டம் என்றும் கேளுங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. உங்கள் மகள் இப்போது சமச்சீர் படிக்கிறாளா, சி.பி.எஸ்.இ.யா என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக்குத் திரும்பி வர நேர்ந்தால் இது முக்கியம்.

அநேகமாக அவர்கள் ‘பள்ளி’ என்ற சொல்லை விட்டு ‘கற்றல் மையம்’ என்று வைத்து, தேர்வுக்கு என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். அது தேசிய திறந்தநிலைப் பள்ளி, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது, போலி ஒன்றும் இல்லை. 1989-இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும், ஐந்து பாடம் தேற வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. சில பிள்ளைகளுக்கு அது நிஜமாகவே பொருந்தும்: விளையாட்டில் இருப்பவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள், வகுப்பறையில் மூச்சுத் திணறுகிறவர்கள். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது, மாமியார் சொல்வதைப் பார்த்தால் நன்றாகப் படிக்கிறாள். அவளுடைய பத்தாம் வகுப்புத் தேர்வை இன்றைக்கே தீர்மானிக்க வேண்டிய அவசியம் என்ன வந்தது? வீட்டில் பிள்ளையைப் படிக்கவைப்பதை நேரடியாகத் தடுக்கும் பிரிவு கல்வி உரிமைச் சட்டத்தில் இல்லை, பெற்றோருக்குத் தண்டனையும் இல்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. பள்ளிப் பதிவிலிருந்து பெயர் போனால் கணக்கெடுப்பில் ‘பள்ளி செல்லாக் குழந்தை’ பட்டியலில் அவள் பெயர் வரலாம். ஒரு ஆறுதல்: எப்போது திரும்ப நினைத்தாலும் 14 வயது வரை அவள் வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் சட்டம்தான்.

சரி, இப்போது விசுவாசம். ‘இதுதான் சரியான வழி’ என்று உங்களிடம் சொன்னார்களே, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெற்றோர் வீட்டில் போதிக்க வேண்டும் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரம் சொல்லும் இடங்களைப் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. அங்கே கால அட்டவணை இல்லை. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாட நூலை எழுதியபோது, ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் குடும்பத் தலைவர் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பொருளில்தான் எழுதினார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இருக்கும் கடலூரில் இதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கத்தோலிக்க வீடுகளில் மாலை ஜெபமாலை இதே வேலையைச் செய்கிறது.

அதே சமயம், இந்தக் கடற்கரையில் கிறிஸ்தவர்கள் பள்ளி நடத்திய விதத்தையும் பாருங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு சீக்கிரமே பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1737-இல் கடலூரிலும் மிஷன் ஊழியம் தொடங்கியது. புதுச்சேரியில் பெத்தி செமினேர் பள்ளி 1844-இலிருந்து இருக்கிறது. இந்த ஊர்களின் மிஷன் பள்ளிகளில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். அது நம் பெருமை. உங்கள் மகளுக்கு இப்போது உள்ள தோழிகள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். சபைக் குடும்பங்களின் இருபது பிள்ளைகள் மட்டும் உள்ள இடத்தில் அவள் வேதவசனம் கூடுதலாகக் கற்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சண்டை போட்டு, சமாதானமாகி, டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் குறையும். அயலாரை நேசிப்பதை அயலார் இல்லாத இடத்தில் எப்படிக் கற்றுக்கொடுப்பது? இதில் என் மனம் ஒரு பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது, மறைக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் மகன் எட்டு வயதில் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால், தண்டனையாக வேதாகமத்தின் சங்கீதங்களை எழுதவைப்பேன். 23-ஆம் சங்கீதம், 121-ஆம் சங்கீதம். நல்ல காரியம்தானே செய்கிறோம் என்று நினைத்தேன். வளர்ந்த பிறகு அவன் ஒருநாள் சொன்னான், ‘அந்தச் சங்கீதத்தைக் கேட்டாலே இன்னும் கை வலிக்கிற மாதிரி இருக்கும்மா’ என்று. வகுப்பில் நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கிய நான் வீட்டில் செய்தது இது. வீட்டுப் பாடமும் வேதமும் ஒரே மேஜைக்கு வரும்போது ஒன்றின் கோபம் இன்னொன்றின் மேல் படியும். நீங்கள் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கணக்குக்கு ஒரு இடம், ஜெபத்துக்கு வேறு இடம் என்று வீட்டுக்குள்ளேயே பிரித்து வையுங்கள்.

இனி அழுகைக்கு வருவோம். கணிதம் படித்த அம்மாக்கள் வீட்டில் இது அடிக்கடி நடக்கிறது. உங்களுக்கு வகுத்தல் தண்ணீர் பட்ட பாடு. பள்ளியில் டீச்சர் ஒரு முறையில் போட்டிருப்பார், நீங்கள் சுருக்கு வழி சொல்வீர்கள். பிள்ளைக்கு இரண்டும் குழம்பும். டீச்சர் சொன்னது தப்பா, அம்மா சொன்னது தப்பா என்ற பயம் வேறு. ஆகவே முதல் ஒரு மாதம் நீங்கள் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவளை டீச்சராக்குங்கள். ‘உங்க மிஸ் இதை எப்படிப் போட்டாங்க, எனக்குச் சொல்லு’ என்று கேட்டு, அவள் சொல்வதைச் சிலேட்டில் நீங்கள் எழுதுங்கள். அவள் எங்கே தடுமாறுகிறாளோ அங்கேதான் பாடம் இருக்கிறது. சிவப்புப் பேனா வேண்டாம். இருபது நிமிடம் ஆனதும், கணக்கு பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒன்று போடலாம் என்று அவளே கேட்கும் நாள் வரும்.

இந்த இருபது நிமிடம் என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற அம்மையார் 1891 முதல் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தபாலில் பாடத்திட்டம் அனுப்பிவந்தார். விசுவாசமுள்ள பெண்மணி. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் குட்டையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. இன்னொன்று, ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு, பிள்ளையையே திருப்பிச் சொல்லவைப்பது. கேள்வி கேட்டு மடக்கக் கூடாது, இடையில் திருத்தக் கூடாது. நம் ஊரில் கதை சொன்ன பாட்டிகளுக்கு இது புதிதில்லை.

அந்தப் பாட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மாமியாரை எதிர்க்கட்சியாகப் பார்க்காதீர்கள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் முதலில் சொல்வது பாட்டி லோவிசாளை. அப்புறம்தான் தாய் ஐனிக்கேயாள். மகள் வாசித்ததைப் பாட்டியிடம் போய்ச் சொல்லட்டும். யோசேப்பின் கதையையோ, சமூக அறிவியல் பாடத்தையோ. பாட்டிக்கு அந்தப் பாடம் தெரியாது என்பதே அங்கே பலம். பிள்ளை முழுசாக விளக்கியாக வேண்டும். ‘ஏன் கலைக்கிறே’ என்று கேட்டவருக்கும் தன் பங்கு என்ன என்று தெரிந்துவிடும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நைட் ஷிப்ட் முடித்து அவர் காலையில் படுக்கும்போது, வீட்டு நாளில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள்? ஆறு வயதுப் பையன் சும்மா இருப்பானா? சிறிய வீட்டில் இது வாராவாரம் வரும் பிரச்சினை, உற்சாகத்தில் யாரும் யோசிப்பதில்லை. அவருடைய பங்கு ஃபீஸ் கட்டுவதோடு நிற்கக் கூடாது. பகலில் வீட்டில் இருக்கும் நாளில் அறிவியல் ஒரு பாடமாவது அவர் எடுக்கட்டும். சிப்காட்டில் அவருக்குக் கெமிக்கல் கம்பெனி வேலை என்றால், அமிலம், காரம் பற்றி அவர் சொன்னால் புத்தகத்தில் இல்லாததெல்லாம் வரும்.

என் யோசனை இது. மகள் இருக்கிற பள்ளியிலேயே இருக்கட்டும். வரும் ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை, சனிக்கிழமை காலை மூன்று மணி நேரத்தை வீட்டு வகுப்பாக நடத்திப் பாருங்கள். கணக்கு இருபது நிமிடம். ஒரு தமிழ்ப் பாடத்தை வாசித்துத் திருப்பிச் சொல்லல். மீதி நேரத்துக்கு வெளியே போங்கள். மீன் வாங்கும்போது கிலோ விலையைச் சொல்லி, 750 கிராமுக்கு எவ்வளவு என்று அவளைக் கேளுங்கள். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தைக் காட்டி, ஆங்கிலேயர் 1690-இல் அதை வாங்கிய கதையையும் 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கதையையும் சொல்லுங்கள். பிற்பாடு ஆமைக் குஞ்சு பொரிக்கும் காலம் வரும்போது, வனத்துறை அவற்றைக் கடலில் விடுவதைப் பார்க்கக் கூட்டிப்போங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் அரிக்கமேடு போய், ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த மண் இது என்று சொல்லுங்கள். பவுல் ரோமாபுரிக்குப் போன கதை அவளுக்கு ஞாயிறு பள்ளியில் தெரிந்திருக்கும், இரண்டையும் அவளே சேர்த்துக்கொள்வாள். ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஒரு அதிகாரத்தை அவள் வாசிக்கட்டும், தம்பி ஒரு பாட்டுத் தொடங்கட்டும். பத்து நிமிடம் போதும்.

காலாண்டு முடியும்போது அழுகை நின்றிருக்கிறதா, உங்களுக்குச் சனிக்கிழமை வருவது பாரமாக இருக்கிறதா இல்லையா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். பாரமாக இருந்தால் அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். வாரம் இரண்டு முழு நாள் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை, எல்லா நல்ல அம்மாவுக்கும் அது வர வேண்டும் என்று கர்த்தர் கேட்கவில்லை. நன்றாகப் போனால் அதற்குள் அந்தப் பள்ளியும் ஒரு பருவம் நடந்திருக்கும். நேரில் போய் ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள். டீச்சர்களுக்கு என்ன பயிற்சி, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேறியவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அங்கே பிள்ளைகளை அனுப்பும் ஒரு அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், வீட்டு நாளில் என்ன நடக்கிறது என்று. மகனைப் பற்றிய முடிவை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே அச்சு இல்லை.

அட்வான்ஸ் விஷயம். அனுமதி எந்த அலுவலகத்தில், எந்த எண்ணில் வாங்கியிருக்கிறது, பள்ளிகளுக்கு அரசுப் பதிவில் தரும் யூடைஸ் எண் உண்டா, பள்ளி நின்றுபோனால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது டிரஸ்ட் பெயரில் இருக்க வேண்டும், தனி ஆள் பெயரில் வேண்டாம். எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அல்லது இந்த வாரத்துக்குள் கட்டினால்தான் இடம் என்று அவசரப்படுத்தினால், ‘இந்த வருஷம் எங்களுக்கு வேண்டாம் பிரதர், ஜெபத்தில் வைத்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். காலாண்டு விடுமுறையில் எனக்கு மறுபடி எழுதுங்கள்.